பௌல் ஆரூட விளக்கம்

எதிர்காலத்தை முன்கூட்டியே அறிந்துவிட வேண்டும் என்னும் ஆசையினால் மனிதர் வகுத்துக்கொண்ட சாஸ்திரங்கள் அநேகம். கிரகங்களின் சஞ்சாரத்துக்கும், உள்ளங்கையின் ரேகைக்கும், சுவரில் ஒலிக்கும் பல்லியின் சொல்லுக்கும், கூண்டைவிட்டு வெளிவந்து சீட்டெடுக்கும் கிளியின் சித்தத்துக்கும்கூட இலக்கணம் வகுத்துப் பலன் எழுதிவைத்த பெரியோர்கள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் பிறந்ததும் லட்சக்கணக்கான ஆண்களும் பெண்களும் அலுவலகத்திலும் உணவு மேசையிலும் தேவாலய வாசலிலும் இடைவிடாது பயின்றுவரும் ஒரு மகத்தான சாஸ்திரத்தை மட்டும் முறைப்படுத்தாமல் விட்டது பெருங்குறையே ஆகும். கல்லூரிக் கால்பந்துப் பருவத்தின் முடிவில் நிகழும் பௌல் ஆட்டத்தைக் குறித்து, அது நிகழ்வதற்கு வெகுநாள் முன்னரே, ஒரு கல்லூரியின்மீது தீராப் பற்றுக்கொண்ட ரசிகர் செய்யும் நீண்ட ஆரூடமே அந்தச் சாஸ்திரம். அதன் தோற்றத்தையும், பிரமாணங்களையும், எல்லையையும், பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து அணியைப் பற்றிப் பேச நேரும் இடங்களில் நடுநிலைமை சற்றே தளர்ந்திருக்குமாயின், ஆராய்ச்சியாளனும் மனிதனே என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்வார்களாக.

ஆட்டத்தின் இயல்பை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். இது உருண்டைப் பந்தைக் காலால் உதைத்தாடும் ஆட்டம் அன்று. இரு முனையும் கூர்த்த பந்து ஒன்றைக் கையில் ஏந்தியும் எறிந்தும், தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்ட பதினொருவர், அதேபோல் கவசம் பூண்ட வேறு பதினொருவரைத் தள்ளிக்கொண்டு, 100 கஜ நீளமுள்ள மைதானத்தில் முன்னேறுவதே இதன் சாரம். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிட்டும். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் அது டச்டவுன். அதற்குப் புள்ளி 6. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் 1, அப்படி உதைக்காமல் இன்னொருமுறை ஓடியோ எறிந்தோ எல்லைக்குள் சேர்த்தால் 2. கடிகாரக் கணக்கில் ஆட்டம் 60 நிமிடந்தான். ஆயினும் ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் கூடிக் கலந்து பேசியும், இளைப்பாறியும், விளம்பரங்களுக்கு வழிவிட்டும் ஆடுவதால், மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து அது முடிவதில்லை. நடந்ததற்குக் காரணமும் நடக்கப்போவதற்கு யூகமும் சொல்ல ரசிகர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இந்த இடைவெளிகளே. இவ்வளவு தாராளமாக அவகாசம் தரும் விளையாட்டு கிரிக்கெட்டைத் தவிர வேறொன்று இருப்பதாகச் சொல்வதற்கில்லை.

பௌல் ஆட்டத்தின் பூர்வோத்தரத்தைச் சற்று விரித்தே கூற வேண்டும். கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்தார், குளிர்காலத்திலும் தங்கள் ஊரில் ரோஜா மலர்கின்றது என்பதைப் பனியில் உறைந்து கிடக்கும் கீழைப் பிராந்தியத்தாருக்கு உணர்த்தும்பொருட்டு, 1890-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் மலர் ஊர்வலம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1893-இல் புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தபோது, தேவாலயங்களின் வெளியே கட்டியிருக்கும் குதிரைகள் ஊர்வலத்தின் ஆரவாரத்தால் மிரளக்கூடும் என்று அஞ்சி விழாவை மறுநாளைக்கு ஒத்திவைத்தார்கள். குதிரைகளெல்லாம் தெருவைவிட்டு மறைந்து ஒரு நூற்றாண்டுக்குமேல் ஆகியும், புத்தாண்டு ஞாயிற்றில் வந்தால் ஊர்வலத்தை ஜனவரி 2-க்குத் தள்ளிவைக்கும் சம்பிரதாயம் அங்கே இன்றும் வழுவாமல் நிலவுகின்றது. 1902 ஜனவரி 1 அன்று அவ்விழாவின் ஓர் அங்கமாக மிச்சிகன், ஸ்டான்ஃபோர்டு என்னும் இரு பல்கலைக்கழகங்களின் அணிகளை மோதவிட்டார்கள். மிச்சிகன் 49 புள்ளி எடுத்தது. ஸ்டான்ஃபோர்டு ஒன்றும் எடுக்கவில்லை. அம்மட்டோடு நில்லாமல், ஆட்டம் முடிய எட்டு நிமிடம் மீதமிருக்கையில், இனிப் போதும் என்று கேட்டுக்கொண்டு களத்தைவிட்டு அகன்றது. இந்தக் காட்சியைக் கண்டு மனம் நொந்த விழாக் குழுவினர் கால்பந்தைக் கைவிட்டு, ரதப் பந்தயம், தீக்கோழிப் பந்தயம் ஆகியவற்றை நடத்தத் தலைப்பட்டார்கள். ஒட்டகத்துக்கும் யானைக்கும் இடையேகூட ஒருமுறை பந்தயம் நடந்தது. அதில் யானை வென்றது என்பது, வீரர்களின் உடல் எடையை ராத்தல் கணக்கில் பட்டியலிட்டு முடிவு கூறும் ஆரூடக்காரர்களுக்கு மறுக்க முடியாத ஆதாரமாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் அதை எடுத்தாளாமல் இருப்பது அவர்களுடைய சரித்திர ஞானக் குறைவையே காட்டுகிறது.

கால்பந்து 1916-இல் மீண்டது. 1922-இல் கிண்ணம் போல் குழிந்த பெரிய அரங்கம் ஒன்று எழும்பியது. ரோஸ் பௌல் என்னும் பெயர் அதனால் நிலைத்தது. பிறகு வெயில் காயும் ஊர்களெல்லாம் தத்தம் விளைபொருளின் பெயரால் ஒவ்வோர் ஆட்டத்தை நிறுவிக்கொண்டன. 1935-இல் நியூ ஆர்லியன்ஸ் சர்க்கரையின் பெயராலும், மயாமி ஆரஞ்சின் பெயராலும், 1937-இல் டல்லஸ் பருத்தியின் பெயராலும் தொடங்கின. உலக யுத்தத்துக்குப் பிறகு ஃப்ரெஸ்னோவில் உலர்திராட்சைக்கும், டாம்பாவில் சுருட்டுக்கும், ஃபீனிக்ஸில் காய்கறிக் கலவைக்கும், இந்தியானா மாநிலத்து எவான்ஸ்வில்லில் குளிர்பதனப் பெட்டிக்கும் ஒவ்வொரு பௌல் உண்டாகிச் சில ஆண்டுகளில் மறைந்தன. வணிகர்கள் பெயரை விலைக்கு வாங்கத் தொடங்கிய பிறகு களைவெட்டும் இயந்திரத்தின் பெயராலும் லூயிசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒன்று நடந்தது. இன்று ஆண்டொன்றுக்கு 40-க்கு மேற்பட்ட பௌல் ஆட்டங்கள் நிகழ்கின்றன. பருவத்தில் ஆடும் 12 ஆட்டங்களில் 6 வென்றால் தகுதி. அந்தத் தகுதியுடையோர் போதாத ஆண்டுகளில், ஐந்தே வெற்றி பெற்ற அணிகளுள் மாணவர்கள் படிப்பில் எப்படி என்று பார்த்துச் சிலவற்றைச் சேர்த்துக்கொள்வார்கள். 2015-இல் நெப்ராஸ்கா அவ்வாறு ஏழு தோல்விகளோடு உள்ளே நுழைந்து, கலிபோர்னியாவில் யு.சி.எல்.ஏ. அணியை 37–29 என வென்றது. கல்வியால் களிப்பும் உண்டு என்பதற்கு இதனினும் நேரடியான சான்று கல்வித்துறை அறிக்கைகளில் அகப்படாது.

இனி ஆரூடத்தின் பிறப்புக்கு வருவோம். பருவ ஆட்டங்கள் நவம்பர் இறுதியோடு ஓய்கின்றன. பௌல் ஆட்டமோ டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம்வரை ஏதேனும் ஒரு நாளில் நிகழ்கின்றது. பருவகாலத்தில் வாரம் ஒன்றாக ஆட்டம் வந்துகொண்டிருக்கும்போது, சென்ற வாரத்துத் தோல்விக்குச் சமாதானம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடுவதால், ரசிகரின் கற்பனை முளைவிட்டு ஓங்க நேரமில்லை. அதன்பின்னர் வரும் இந்த மூன்று நான்கு வாரச் சூனிய காலத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பழிப்பதற்கும் புதிதாக ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு, எதிர்த்து ஆடப்போகும் அணி அநேகமாக வேறொரு பிராந்தியத்தைச் சேர்ந்ததாகவும், அவ்வாண்டில் ஒருமுறையேனும் நேரில் கண்டிராததாகவும் இருக்கும். அறிவு குன்றி அவகாசம் மிகுந்த இடத்தில் சாஸ்திரம் பிறக்கின்றது.

இங்கே ஒரு பூர்வபக்ஷம் எழும். “இவ்வளவு பிரயாசை எதற்கு? ஆட்டம் எப்படியும் ஒரு நாள் நடக்கத்தான் போகிறது, பொறுத்திருந்து பார்த்தால் முடிவு தானே தெரிந்துவிடுமே” என்று, பெரும்பாலும் ரசிகரின் மனைவியார், கேட்பதுண்டு. ஆட்டத்தின் முடிவை அறிவதே ஆரூடத்தின் பிரயோஜனம் என்று எண்ணியதால் விளைந்த மயக்கம் இது. முடிவை அறிவிப்பது பத்திரிகையின் வேலை. அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆரூடமோ முடிவு தெரியாத நிலையை இயன்ற அளவு நீட்டித்து அதனுள் சுகமாக வசிப்பதற்கான உபாயம். முடிவு தெரிந்த கணத்தில் அது இறந்துபோகிறது.

இச்சாஸ்திரத்தின் பிரமாணங்களை ஆராயப் புகுந்தால், நம் தத்துவ நூலோர் வகுத்த அளவைகள் அத்தனையும், நெப்ராஸ்காவின் சோளக்காட்டு நடுவே வாழும் ஒரு ரசிகரின் பேச்சில் அவர் அறியாமலே இடம்பெற்றிருப்பதைக் கண்டு அதிசயிக்க நேரும். காண்டல் அளவை மட்டும் இங்கே பயனற்றது. நேரில் கண்டவர் ஒருவரும் இல்லையென்பதை முன்னரே கூறினோம். ஆகையால் ரசிகர் முதலில் தஞ்சம் புகுவது அனுமானத்திலே.

அனுமானம் இவ்வாறு செல்லும்: நாம் இன்னாரை வென்றோம், அவர்கள் இன்னொருவரை வென்றார்கள், அவ்வின்னொருவரோ நம் எதிரியை வென்றவர், ஆதலால் நாம் எதிரியை வெல்வது நிச்சயம். கேட்பதற்கு இது குற்றமற்ற தர்க்கமாகவே தோன்றும். இதன் உண்மையான வீச்சை 2007-ஆம் ஆண்டுப் பருவம் புலப்படுத்திற்று. அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று, கீழ்ப் பிரிவில் ஆடும் ஆப்பலேச்சியன் ஸ்டேட் என்னும் வட கரோலினாக் கல்லூரி, மிச்சிகன் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 34–32 எனத் தோற்கடித்தது. அந்த மிச்சிகன், புத்தாண்டு நாளில் நடந்த பௌல் ஆட்டத்தில் ஃப்ளோரிடாவை 41–35 என வென்றது. அந்த ஃப்ளோரிடா, அக்டோபரில் கென்டக்கியை 45–37 என வென்றிருந்தது. அந்தக் கென்டக்கியோ அதற்கு முந்தின வாரந்தான் எல்.எஸ்.யு. அணியை 43–37 என வீழ்த்தியிருந்தது. எல்.எஸ்.யு. அப்பருவத்தின் தேசிய சாம்பியன்! ஆகவே அனுமானப் பிரமாணத்தின்படி அவ்வாண்டின் உண்மையான சாம்பியன், பூன் என்னும் மலையூரைச் சேர்ந்த கீழ்ப் பிரிவுக் கல்லூரியே என்பது ஐயமின்றி நிரூபணமாகிறது. இந்த நிரூபணத்தை மறுக்க முயன்ற தர்க்கவாதிகள், சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமானது என்று காட்ட வேண்டும். ஒவ்வோர் ஆட்டமும் முறையாக நடந்தது. ஒவ்வொரு முடிவும் பதிவாகியிருக்கிறது. தோற்றவர்களுக்கு அன்று ஏதோ உபத்திரவம் இருந்தது என்று சொல்லித் தப்புவதானால், அந்தச் சலுகையைத் தம் அணிக்கும் ஒவ்வொரு தோல்வியிலும் தர வேண்டும் என்று ரசிகர்கள் உடனே கேட்பார்கள். அதன்பின் உலகில் எவரும் எவரிடமும் தோற்றதாகச் சொல்ல முடியாது.

அனுமானத்துக்கு அடுத்ததாகிய உவமையைப் பற்றிச் சொல்லுமிடத்து, இளகிய மனமுடைய நெப்ராஸ்கா வாசகர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். இவ்வாட்டம் இன்ன ஆண்டின் இன்ன ஆட்டம் போன்றது என்று கூறுவதே இந்தப் பிரமாணம்; நெப்ராஸ்காவுக்கு அந்த இன்ன ஆட்டம் எப்போதும் ஒன்றே. 1984 ஜனவரி 2 அன்று மயாமியில் நடந்த ஆரஞ்சு பௌலுக்கு, பருவம் முழுவதும் தோல்வியே காணாமல், ஆட்டத்துக்குச் சராசரி 52 புள்ளி குவித்த அணியாக நெப்ராஸ்கா சென்றது. மயாமிப் பல்கலைக்கழகம் எதிரி. அக்காலத்தில் மிகை நேர ஆட்டம் என்பது இல்லை. சமனில் முடிந்தால் சமனே. 48 விநாடி மீதமிருக்க நெப்ராஸ்கா டச்டவுன் அடித்து 31–30 என நெருங்கியது. ஓர் உதையில் ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்திருந்தால் தேசியப் பட்டம் அநேகமாக அவர்களுக்கே வந்திருக்கும். பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் சமனை விரும்பவில்லை. வெற்றிக்கான இரண்டு புள்ளியையே நாடினார். எறிந்த பந்தை மயாமி வீரர் ஒருவரின் விரல்கள் தட்டிவிட்டன. ஆஸ்போர்ன் செய்தது சரியே என்பது இக்கட்டுரையாளனின் அசையாத அபிப்பிராயம். ஆயினும் இது ஆரூடம் பற்றிய ஆராய்ச்சி ஆதலால், அந்த ஆட்டத்துக்கு முன் எழுந்த ஆரூடங்கள் யாவும் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் நெப்ராஸ்கா வெல்லும் என்பதைப் பற்றியே வழக்காடின என்பதோடு நிறுத்திக்கொள்வோம். ஆஸ்போர்ன் பிற்பாடு 1994, 1995, 1997 ஆகிய மூன்று பருவங்களில் பட்டம் வென்று தந்தார். ஆனாலும் அந்த ஊரில் உவமை தேடுவோர் 1984-க்கே போவார்கள்.

ஆப்தவாக்கியம் அல்லது உரையளவையை விரிக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர்கள் ஆட்டத்துக்கு முன் சொல்வது அனைத்தும் ஒன்றே: எதிரணி வலிமையானது, நன்கு பயிற்றுவிக்கப்பட்டது, எளிதில் எண்ணத்தக்கதன்று. ஏழு தோல்வி கண்ட அணியைக் குறித்தும் இதையே சொல்வார்கள். இந்தத் துறையில் மெய்யான ஆப்தர் ஒருவரே இருந்தார்; அவர் லீ கோர்ஸோ. முன்பு பயிற்சியாளராக இருந்து தொலைக்காட்சிக்கு வந்த இந்தப் பெரியவர், 1996 அக்டோபரில் ஒஹாயோ ஸ்டேட் கல்லூரியின் சின்னமாகிய உருவத்தின் பெரிய தலையைத் தம் தலையில் கவிழ்த்துக்கொண்டு அந்த அணியே வெல்லும் என்று அறிவித்தார். அதன்பின் 2025 ஆகஸ்டில் ஓய்வுபெறும்வரை 400-க்கும் மேற்பட்ட முறை இவ்வாறே வெவ்வேறு தலைகளைத் தரித்து ஆரூடம் கூறினார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பலித்தன. சொல்லாமல் தலையை மாட்டிக்கொண்டே கருத்தைத் தெரிவித்த இந்த முறையைப் பிற துறை அறிஞர்களும் கைக்கொண்டால், கருத்தரங்குகள் வெகுவாகச் சுருங்கும்.

அருத்தாபத்தி என்பது, பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருப்பானாயின் இரவில் உண்கிறான் என்று கொள்ள வேண்டும் எனும் நியாயம். ரசிகர்கள் இதனை இவ்வாறு பயன்படுத்துவார்கள்: இவ்வாரம் பயிற்சியைப் பார்க்க நிருபர்களை அனுமதிக்கவில்லை, ஆதலால் நம் பயிற்சியாளர் ஏதோ ஒரு தந்திர ஆட்டத்தைப் பதுக்கிவைத்திருக்கிறார். உண்மையில் அவர் பதுக்கிவைத்திருப்பது பெரும்பாலும் ஒரு முழங்கால் காயத்தையே. ஆயினும் 2007 ஜனவரி 1 அன்று அரிஜோனாவில் நடந்த ஃபியஸ்டா பௌல் இந்தப் பிரமாணத்துக்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயுளை அளித்துவிட்டது. ஐடஹோவைச் சேர்ந்த பாய்ஸி ஸ்டேட் என்னும் சிறிய பெயருடைய அணி, ஓக்லஹோமாவை எதிர்த்து, ஏழு விநாடி மீதமிருக்கையில் எறிந்த பந்தைப் பிடித்தவர் பக்கத்தில் ஓடிவந்தவரிடம் தள்ளிவிடும் தந்திரத்தால் சமன் செய்தது. பின் மிகை நேரத்தில், எறிவதுபோல் பாசாங்கு செய்து முதுகுக்குப் பின்னால் பந்தைக் கைமாற்றிக்கொடுத்து 43–42 என வென்றது. அந்தப் பந்தை வாங்கி ஓடிய இளைஞர் உடனே மைதானத்திலேயே மண்டியிட்டு, அணியின் உற்சாகக் குழுவிலிருந்த தம் காதலியிடம் மணம் புரிய இசைவு கேட்டார், இசைவும் கிட்டியது. அதுமுதல், பயிற்சி அறையின் கதவு மூடியிருந்தால் அதன் பின்னால் ஒரு கல்யாணமே ஒளிந்திருப்பதாக எண்ணுவதற்கு ரசிகர்களுக்கு உரிமை உண்டாகிவிட்டது.

இப்போது நாம் இச்சாஸ்திரத்தின் அதிநவீனப் பகுதியாகிய அபாவப் பிரமாணத்தை அணுகுகிறோம். ஒரு பொருள் இல்லை என்பதையே அறிவாகக் கொள்ளும் இந்த அளவை, பூதலத்தில் குடம் இல்லை என்னும் உதாரணத்தோடு நம் நூல்களில் உறங்கிக் கிடந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அதற்குப் புத்துயிர் அளித்தது. 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் எல்.எஸ்.யு.வின் லெனார்ட் ஃபோர்னெட், ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஆகிய இரு பெருவீரர்கள், பட்டமும் பணமும் இல்லாத பௌல் ஆட்டத்தில் காலை முறித்துக்கொள்வானேன், வரப்போகும் தொழில்முறை வாழ்வைக் காத்துக்கொள்வோம் என்று கருதி விலகிக்கொண்டார்கள். அது வழக்கமாகிவிட்டது. வேறு கல்லூரிக்கு மாற விரும்புவோர் பெயரைப் பதிவுசெய்துகொள்ளும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் 2022 முதல் 2024 வரை டிசம்பரிலேயே திறந்தது. ஆகவே முன்பெல்லாம் எவர் எவரை எதிர்ப்பார் என்று எழுதிய ஆரூடக்காரர், இப்போது எவர் எவரெல்லாம் இரார் என்றே பக்கம் பக்கமாக எழுதுகிறார். 2023 டிசம்பர் 30-இல் ஆரஞ்சு பௌலுக்கு வந்த ஃப்ளோரிடா ஸ்டேட், 13 ஆட்டமும் வென்றிருந்தும், பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரராகிய குவார்ட்டர்பேக் காயமுற்ற காரணத்தால் பட்டப் போட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்படாமல் மனமுடைந்து, வீரர்களில் மிகப் பலர் ஒதுங்கிவிட, எஞ்சியவர்களைக்கொண்டு ஆடி, ஜார்ஜியாவிடம் 63–3 எனத் தோற்றது. அந்த ஆட்டத்தைச் சரியாகக் கணித்தவர்கள் ஆடியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதவர்களே.

இவ்வளவு நுட்பமான கருவிகளுக்கும் அகப்படாத ஒரு பிரதேசம் உண்டு என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1929-ஆம் ஆண்டு ரோஸ் பௌலில், கலிபோர்னியா அணியின் ராய் ரீகல்ஸ், எதிரி தவறவிட்ட பந்தைக் கைப்பற்றி, திசை தடுமாறித் தம் சொந்த எல்லையை நோக்கியே பாய்ந்தார். அறுபது கஜத்துக்கு மேல் ஓடிய அவரை, பின்னாலேயே கத்திக்கொண்டு துரத்திய சக வீரர் எல்லைக்கு மிக அருகில் பிடித்து நிறுத்தினார். அதன் விளைவாகக் கிட்டிய இரண்டு புள்ளி சேர, ஜார்ஜியா டெக் 8–7 என வென்றது. 1954-ஆம் ஆண்டு காட்டன் பௌலிலோ, ரைஸ் பல்கலைக்கழகத்து டிக்கி மேகல் பந்தோடு தடையின்றி மைதானத்தின் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தபோது, அலபாமா அணியின் டாமி லூயிஸ் ஓய்வுப் பலகையிலிருந்து தலைக்கவசமுமின்றித் துள்ளி எழுந்து உள்ளே பாய்ந்து அவரைக் கீழே வீழ்த்திவிட்டு மீண்டும் பலகையில் போய் அமர்ந்துகொண்டார். நடுவர் மேகலுக்கு 95 கஜ டச்டவுனை வழங்கினார். ரைஸ் 28–6 என வென்றது. இருக்க வேண்டியவன் இல்லாமற்போவதை விளக்கத் தெரிந்த சாஸ்திரம், இருக்கக்கூடாதவன் வந்து தோன்றுவதற்கு இன்னும் இலக்கணம் வகுக்கவில்லை.

பயனைப் பற்றியும் ஒரு வார்த்தை. சார்லட் நகரத்து மயோனைஸ் பௌலில் வென்றால் பயிற்சியாளரின் தலையில் ஒரு பெரிய பாத்திரம் மயோனைஸைக் கொட்டுகிறார்கள். பாய்ஸியின் நீலநிற மைதானத்தில் நடக்கும் உருளைக்கிழங்குப் பௌலில் வறுத்த கிழங்குத் துண்டுகள் பொழிகின்றன. 2023 டிசம்பர் 28 அன்று ஓர்லாண்டோவில் பாப்-டார்ட்ஸ் பௌலை வென்ற கான்சஸ் ஸ்டேட் வீரர்கள், விழாவின் சின்னமாக ஆடிப்பாடித் திரிந்த பண்ட உருவம் பிரம்மாண்டமான ரொட்டி வாட்டும் கருவிக்குள் இறங்கி மறைந்ததும், அது உண்ணத்தக்க பண்டமாகக் கீழே வெளிப்பட, அதைப் பிய்த்துத் தின்றார்கள். பயன்களுள் இவை பெரியன அல்ல என்று சிலர் கூறுவர். அவர்கள் சாஸ்திரத்தின் நெஞ்சை அறியாதவர்கள்.

ஏனெனில் இந்த ஆராய்ச்சியின் சித்தாந்தம் இது: ஆட்டத்தின் முக்கியத்துவம் குறையக் குறைய ஆரூடத்தின் சுவை கூடுகிறது. தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தை எதிர்நோக்கும் ரசிகர்களைப் பாருங்கள், அவர்கள் அஞ்சியிருக்கிறார்கள், அச்சம் மிக்கவர்களின் ஆரூடம் பிரார்த்தனையாகச் சுருங்கிப்போகிறது, எதிரியின் பலவீனத்தைச் சொன்னால் தெய்வத்துக்குக் கேட்டுவிடுமோ என்று வாய்மூடி இருக்கிறார்கள். ஆறு வெற்றியும் ஆறு தோல்வியுமாகச் சரிபாதி நிற்கும் அணியின் ரசிகர்களுக்கு அத்தகைய அச்சம் இல்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் கற்பனை கரைபுரண்டோடும்.

2024-இல் நெப்ராஸ்கா ரசிகர்கள் இருந்த நிலை இதற்கு நிகரற்ற உதாரணம். 1969 முதல் 2003 வரை 35 ஆண்டுகள் ஓர் ஆண்டும் தவறாமல் பௌலுக்குச் சென்ற அணி. 1962 நவம்பர் முதல் லிங்கனில் உள்ள தன் அரங்கத்தின் இருக்கைகள் எல்லாம் விற்றுத் தீர்வதையே மரபாகக் கொண்ட அணி. அப்படிப்பட்டது 2017 தொடங்கி ஏழு பருவங்கள் பௌலின் வாசலையும் காணவில்லை. எட்டாவது பருவத்தில் முதல் ஆறு ஆட்டங்களில் ஐந்தை வென்றது. அதன்பின் இந்தியானாவிடம் 56–7 என ஆரம்பித்து வரிசையாக நான்கைத் தோற்றது. விஸ்கான்சினை 44–25 என வீழ்த்தி ஆறாவது வெற்றியைப் பெற்றது. ஐயோவாவிடம் கடைசி உதையில் 13–10 எனத் தோற்று முடித்தது. நியூயார்க்கில் பேஸ்பால் ஆடும் யாங்கி ஸ்டேடியத்தில், பாஸ்டன் காலேஜை எதிர்த்துப் பின்ஸ்ட்ரைப் பௌலில் ஆட அழைப்பு வந்தது. இதற்குமேல் ஆரூடத்துக்கு வளமான நிலம் வேண்டுமோ? தற்காப்பைப் பயிற்றுவித்தவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்; எதிரணியின் குவார்ட்டர்பேக்கும் நவம்பரிலேயே விலகிவிட்டார்; இருவரும் போய்ச்சேர்ந்த இடம், 63–3 புகழ் பெற்று, அவ்வாண்டு 12 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்ற அதே ஃப்ளோரிடா ஸ்டேட். அபாவம், அனுமானம், உவமை யாவும் ஒருங்கே திரண்ட இத்தகைய சந்தர்ப்பம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வாய்க்கும். பட்டப் போட்டிக்குப் போன பன்னிரண்டு அணிகளின் ரசிகர்களும் அந்த டிசம்பரில் கவலையோடு கழித்த நாட்களை, லிங்கனிலும் ஓமஹாவிலும் உள்ளோர் ஆனந்தமாகக் கழித்தார்கள் என்பதில் எமக்குச் சந்தேகமே இல்லை.

2024 டிசம்பர் 28 அன்று ஆட்டம் நடந்தது. நெப்ராஸ்கா 20, பாஸ்டன் காலேஜ் 15. அணியின் அடுத்த ஆட்டம் கான்சஸ் சிட்டியில் சின்சினாட்டியை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 28 அன்று; ஆரூடம் செய்வதற்கு இடையில் இருந்த அவகாசம் சரியாக எட்டு மாதம்.